பள்ளிக்கூடம் வரைக்கும் ஓடிய டீசல் வண்டி

அந்த ஆரஞ்சு விளக்கு முதன்முதலில் எரிந்தபோது காலை மணி 7.05. மகனைத் தமிழ்ப்பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, கிள்ளான் கொமியூட்டர் நிலையத்தை நோக்கி வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஸ்டீயரிங்குக்குப் பின்னால், மீட்டருக்குள், ஒரு சின்ன டப்பா படம். டப்பாவுக்குள் சில புள்ளிகள். எண்ணெய் விளக்கு தெரியும், பேட்டரி விளக்கு தெரியும். இது என்னவென்று தெரியவில்லை. வண்டி வழக்கம்போல் ஓடியது. 7.32 கொமியூட்டரைப் பிடிக்க வேண்டும். ஆகவே, நம்மில் பலர் செய்வதைத்தான் நானும் செய்தேன். பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

ஒன்பது நாள் அப்படியே போனது. பத்தாம் நாள் கிள்ளான் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது வண்டி திடீரென்று சோர்ந்தது. எண்ணெயை மிதிக்கிறேன், இழுக்கவில்லை. டப்பா விளக்கோடு எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தது. பின்னால் வந்த கொள்கலன் லாரி அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பாலத்தைத் தாண்டி, ஒரு கடை வாசலில் ஓரங்கட்டி, மேலாளருக்கு 'இன்று தாமதமாகும்' என்று செய்தி அனுப்பினேன். கை நடுங்கியது.

அருகிலிருந்த ஒரு பட்டறையில் கணினியைச் சொருகிப் பார்த்தார்கள். "டிபிஎஃப் அடைச்சிருக்கு, மாத்தணும்" என்றார்கள். டீசல் புகையில் இருக்கும் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டிக்குத்தான் அந்தப் பெயர். எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். ஒரு தாளில் எழுதிக் காட்டினார்கள்: 9,400 ரிங்கிட். கூலி தனி. எங்கள் வண்டிக்கு மாதத் தவணை 870 ரிங்கிட். அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் வெளியே வந்தேன். திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

அந்த வண்டி எங்களுக்கு எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். 2021 அக்டோபரில், மாநிலம் கடக்கும் தடை நீங்கிய அந்த மாதத்தில், அவசரம் அவசரமாகப் பழைய வண்டி ஒன்று தேடினோம். என் மாமியாரும் மாமனாரும் சுங்கை பட்டாணியில் இருந்தார்கள். மாமியாருக்கு உடம்பு சரியில்லை. மாதம் ஒரு முறை போயே ஆக வேண்டும். நெடுந்தூர ஓட்டத்துக்கு டீசல்தான் மிச்சம் என்று என் கணவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அப்போது டீசல் லிட்டர் 2 ரிங்கிட் 15 காசு. ஐந்து வருடம் ஓடிய எஸ்யூவி ஒன்று கிடைத்தது. கணக்கு சரியாகவும் இருந்தது. ஒரு தாங்கி எண்ணெயில் வடக்கே போய்த் திரும்பி, மீதியும் இருக்கும். தாப்பா மேட்டில் ஏறும்போது அதன் இழுவையைப் பார்க்க வேண்டும்!

2023-இல் மாமியார் தவறிவிட்டார். மாமனார் பூச்சோங்கில் கொழுந்தனார் வீட்டுக்கு வந்துவிட்டார். வடக்கே போகும் வேலை நின்றது. என் கணவருக்கு வேலையிடத்தில் வேன் கொடுத்தார்கள். 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் 3 ரிங்கிட் 35 காசானதும், ஞாயிற்றுக்கிழமைச் சுற்றலும் குறைந்தது. கடைசியில் வண்டி என் கைக்கு வந்தது. மேரு சாலைப் பக்கம் எங்கள் வீடு. அங்கிருந்து பள்ளி ஒன்றரை கிலோமீட்டர், பள்ளியிலிருந்து கொமியூட்டர் நிலையம் மூன்று கிலோமீட்டர். மாலையில் அதே வழி. நானூறு கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஓடுவதற்காக வாங்கிய வண்டியை நாலரை கிலோமீட்டருக்கு ஓட்டிக்கொண்டிருந்தோம். குறைவாக ஓடினால் வண்டி கெடாது என்று நம்பிக்கொண்டும் இருந்தோம்.

பக்கத்து வீட்டு அக்கா, காப்பாரில் பட்டறை வைத்திருக்கும் ஒரு ஃபோர்மேனிடம் போகச் சொன்னார். அறுபதை நெருங்கும் மனிதர். பானெட்டைத் திறப்பதற்கு முன், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து மீட்டரில் ஏதேதோ பொத்தானை அமுக்கினார்.

"தங்கச்சி, சராசரி வேகம் எவ்வளவுன்னு பாத்தியா?"

பார்த்ததில்லை. அங்கே 11 என்று இருந்தது. மணிக்குப் பதினொரு கிலோமீட்டர். சைக்கிளே அதைவிட வேகமாகப் போகும்.

அவர் விளக்கிய விதத்தை நான் மறக்க மாட்டேன். ஒரு மூலையில் கிடந்த பழைய வடிகட்டி ஒன்றை எடுத்து வந்து, அறுத்த முகத்தைக் காட்டினார். பீங்கான் மாதிரி ஒரு பொருள், தேன்கூடுபோல் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னச் சதுரக் குழாய்கள். ஒரு குழாய்க்கு முன்வாய் திறந்திருந்தால் பின்வாய் மூடியிருக்கும். அதற்கு அடுத்த குழாய்க்குப் பின்வாய் திறந்து முன்வாய் மூடியிருக்கும். புகை ஒரு குழாயில் நுழைந்தால் வேறு வழியில்லாமல் நடுச்சுவரின் நுண்துளைகள் வழியாகத்தான் அடுத்த குழாய்க்குப் போக வேண்டும். காற்று போய்விடும், கரி சுவரில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் காப்பி வடிகட்டும் துணிப்பையை நினைத்துக்கொண்டேன். அந்தப் பையைத் தினமும் அலசுகிறோம். இதை யார் அலசுவது?

"நெருப்புதான் அலசணும்" என்றார்.

நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும்போது புகைக்குழாய் நல்ல சூடேறி, பிடித்த கரியில் ஒரு பங்கு தானாகவே எரிந்து போகும். அது போதாதபோது வண்டியே ஒரு வேலை செய்யும். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை வைத்து, கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கணினி மதிப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. ஓர் அளவைத் தாண்டியதும், வழக்கமான பீய்ச்சலுக்குப் பிறகு கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சி, வடிகட்டியை ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வரை சூடாக்கும். கரி எரிந்து கரியமில வாயுவாகப் போய்விடும். இதற்குப் பத்து முதல் இருபது நிமிடம் வேண்டும். அதற்கு முன் எஞ்சினும் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிட மெதுவாகத்தான் சூடேறும்.

நான் பள்ளி வாசலை அடைய ஆகும் நேரம் எட்டு நிமிடம். அங்கிருந்து நிலையத்துக்குப் பன்னிரண்டு. எஞ்சின் சூடேறி, 'சரி, இப்போது எரிக்கலாம்' என்று வண்டி தொடங்கும் நேரத்தில், நான் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடியிருக்கிறேன். மாலையில் மறுபடி தொடங்கும். மறுபடி அணைப்பேன். பற்ற வைத்த அடுப்பில் ஒவ்வொரு வேளையும் தண்ணீரை ஊற்றி அணைத்தது போலத்தான்.

எண்ணெய்க் குச்சியை உருவிக் காட்டினார். எண்ணெய் குறைந்தால்தான் கவலை என்று நினைத்திருந்தேன். அதில் மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. "மோந்து பாரு" என்றார். டீசல் வாடை. எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து, எஞ்சின் எண்ணெயோடு கலந்துவிட்டது. நீர்த்துப்போன எண்ணெய் எஞ்சினைத் தேய்த்துவிடும், டர்போவை முதலில் சாகடிக்கும் என்றார். அளவு மிக அதிகமாகிவிட்டால் எஞ்சின் தன் எண்ணெயையே உறிஞ்சி எரித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் தறிகெட்டு ஓடுவதும் உண்டாம். அதற்கு அந்த விளக்கே பரவாயில்லை.

பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"நெரிசல்ல ஓட்டினாலும் சராசரி இவ்ளோ கீழ போகாதே. காலையில யாரு காடியை ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வைக்கிறது?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என் அப்பா.

அம்மா போன பிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார். முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டியவர். கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஈப்போ, பட்டர்வொர்த், சில சமயம் பாடாங் பெசார் வரை. காலை 6.20-க்கு எழுந்து, கேட்டைத் திறந்து, வண்டியை ஸ்டார்ட் செய்து, பேரனுக்குச் சில்லென்று இருக்கட்டும் என்று ஏர்கோனையும் போட்டு வைப்பார். கால் மணி நேரம் அது நின்றபடியே ஓடிக்கொண்டிருக்கும். அவர் லாரிக்கு அது தேவைதான். பிரேக்குக்குக் காற்று ஏற வேண்டும், அதற்கு முன் வண்டியை நகர்த்த முடியாது. 'டீசல் எஞ்சினை எழுப்பின உடனே ஓட்டக்கூடாது பாப்பா, அதுவும் மனுசன் மாதிரிதான்' என்பார். இந்த வீட்டில் அவர் தானாக எடுத்துக்கொண்ட ஒரே வேலை அது. எங்கள் நன்மைக்கென்று அவர் செய்த அந்தக் கால் மணி நேரத்தில், வேகமும் சூடும் இல்லாத எஞ்சின் கரியை மட்டும் நிரப்பிக்கொண்டிருந்தது.

"அப்பாகிட்ட நீயே சொல்லிடு. பெரியவங்க மனசு கஷ்டப்படாம சொல்லு" என்றார் ஃபோர்மேன். எப்படிச் சொல்வது என்று அவர் சொல்லவில்லை.

அன்றிரவு வீட்டில் பேச்சு வேறு திசையில் போனது. என் கணவர் நண்பர்களிடம் விசாரித்திருந்தார். ஷா ஆலாமில் ஓர் இடத்தில் 1,800 ரிங்கிட்டுக்கு 'முடித்துத்' தருவார்களாம். வடிகட்டியைக் கழற்றி, உள்ளே இருக்கும் தேன்கூட்டை உடைத்து எடுத்துவிட்டு, வெறும் கூட்டை மறுபடி மாட்டிவிடுவார்கள். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. கணினியிலும் மாற்றி எழுதிவிடுவார்கள். விளக்கு எரியவே எரியாது. "நிறைய பேர் செய்றாங்க. பிக்கப் வச்சிருக்கிறவன் பாதிப் பேர் இப்படித்தான்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. 9,400 எங்கே, 1,800 எங்கே? டீசல் புகைக்கு இங்கே 1996-லேயே விதிமுறை வந்துவிட்டது. ஆனால் சொந்தப் பாவனைக் கார்களுக்கு ஆண்டுதோறும் சோதனை இல்லை. பெயர் மாற்றும்போதுதான் சோதனைக்குப் போகிறது. யார் வந்து நம் புகைக்குழாயைப் பார்க்கப்போகிறார்கள்?

அப்பா அறையில் படுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பேசியிருக்கிறோம். கதவருகில் நின்றுகொண்டிருந்தார்.

"அந்த டப்பாவை எடுத்துட்டா, அது புடிச்ச கரியெல்லாம் எங்கப் போவும்?"

"வெளியே போய்டும் மாமா. பழைய வண்டி மாதிரி" என்றார் என் கணவர்.

"எந்த வெளியே?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவருக்கு இருமல் வந்தது. அந்த இருமல் எங்கள் வீட்டில் கடிகாரச் சத்தம்போல. தொடங்கினால் முடிய இரண்டு மூன்று நிமிடம் ஆகும். சிகரெட் தொடாத மனிதர். நெஞ்சு மருத்துவரிடம் முதன்முறை அழைத்துப் போனபோது, அவர் கேட்ட முதல் கேள்வி 'புகை பிடிப்பீர்களா', இரண்டாவது 'என்ன வேலை செய்தீர்கள்'. லாரி என்றதும் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அதனால்தான் வந்தது என்று அவர் சொல்லவில்லை. இந்த வயதில் ஒரு காரணத்தை மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, டீசல் புகையை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் 2012-இல் சேர்த்ததை நான் அதன் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கரித்துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடி வரை போய்விடும்.

இந்த வடிகட்டி வந்ததும் அதனால்தான். 2000-ஆம் ஆண்டில் பெஜோ 607 காரில் இதைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்கத் தொடங்கினார்கள். ஐரோப்பாவில் 2009-இல் வந்த யூரோ 5 விதி, டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு விடக்கூடிய துகளின் அளவை 25 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைத்தது. அதன் பிறகு வடிகட்டி இல்லாத டீசல் கார் அங்கே விற்பனைக்கு வர வழியில்லாமல் போயிற்று.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பள்ளி வாசல்தான் கண்முன் நின்றது. காலை ஏழு மணிக்கு அங்கே முப்பது நாற்பது வண்டிகள் எஞ்சினை அணைக்காமல் நிற்கும். என் வண்டியின் புகைக்குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது? முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. என் மகனும் மழைக்காலத்தில் மூச்சிழுப்பு வந்து நெபுலைசர் வைத்துக்கொள்பவன்தான்.

காலையில் கணவரிடம், "காப்பார் அண்ணன் என்ன சொல்றாருன்னு முதல்ல கேட்போம்" என்றேன். அவர் ஒத்துக்கொண்டார். மனம் மாறி ஒத்துக்கொண்டாரா, மாமனாரின் முகத்துக்காகவா என்று நான் கேட்கவில்லை.

நல்ல வேளை, எங்கள் வடிகட்டி மாற்ற வேண்டிய நிலைக்குப் போகவில்லை. கரி அளவு எல்லையைத் தாண்டியிருந்தாலும், கணினி மூலம் கட்டாயமாக எரிக்க முடிகிற அளவில்தான் இருந்தது. இன்னும் அதிகமாகியிருந்தால் அப்படி எரிப்பது ஆபத்து. ஒரேயடியாகப் பற்றும் சூட்டில் பீங்கானே விரிசல் விட்டுவிடும். அப்போது கழற்றி எடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். முதலில் போன பட்டறையில் இதில் எதையும் சொல்லாமல் நேராக மாற்றச் சொன்னது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு பெண் தனியாக வந்து நின்றதால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

காப்பார் பட்டறையின் பின்பக்கம், வெட்டவெளியில் வண்டியை நிறுத்தி அந்த வேலையைச் செய்தார். புல் இருக்கும் இடத்தில் நிறுத்தக் கூடாதாம், அடியில் அவ்வளவு சூடு. ஆளில்லாத வண்டி தானாகவே உறுமிக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் நின்றது. சூட்டு வாடையும் ரப்பர் கருகுவது போன்ற ஒரு நெடியும். அப்பாவும் வந்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்று, கோயிலில் தீமிதி பார்ப்பதுபோல் பார்த்தார். முடிந்ததும் எஞ்சின் எண்ணெய் மாற்றினார்கள். இந்த வகை வண்டிக்குச் சாம்பல் குறைவாக விடும் எண்ணெய்தான் போட வேண்டும், விலை மலிவு என்று வேறு எதையாவது போடக்கூடாது என்று டப்பாவில் இருந்த சி3 என்ற எழுத்தைக் காட்டினார். கரி எரிந்துவிடும், ஆனால் எண்ணெயிலிருந்து வரும் சாம்பல் எரியாது. அது வடிகட்டிக்குள் அப்படியே தங்கி, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இடத்தை அடைக்கும். மொத்தச் செலவு 670 ரிங்கிட்.

அப்பாவிடம் சொல்லும் வேலையும் அங்கேயே முடிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. ஃபோர்மேன் அந்தப் பழைய வடிகட்டியை அவர் கையிலும் கொடுத்தார். லாரிக்காரருக்கு லாரிக்காரர் மொழியில் ஏதோ சொன்னார். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலை விட்டுத் தேய்த்து, விரல் நுனியில் ஒட்டிய கறுப்பைப் பார்த்தார். திரும்பி வரும்போது பேசவே இல்லை. ஆற்றுப்பாலம் வந்ததும்தான், "அப்ப நாந்தான் காலையில கெடுத்துக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

"இல்லப்பா. நான்தான் விளக்கைப் பாத்தும் பத்து நாள் ஓட்டினேன்."

"ரெண்டு பேரும்தான்" என்று முடித்துவிட்டார்.

இப்போது காலையில் அவர் வண்டியைத் தொடுவதில்லை. நான் ஏறி, ஸ்டார்ட் செய்து, அரை நிமிடத்துக்குள் கிளம்பிவிடுகிறேன். எஞ்சின் நின்றபடி சூடேறுவதைவிட மெதுவாக ஓடியபடி சீக்கிரம் சூடேறும். அதுகூட வாரத்தில் இரண்டு நாள்தான். மற்ற நாளில் பள்ளிக்கு அப்பாவின் பழைய காப்சாய் மோட்டார் சைக்கிளை எடுக்கிறேன். சேலை கட்டும் நாளில் மட்டும் கொஞ்சம் சிரமம். மகனுக்கு அதில் போவதுதான் பிடிக்கிறது. நிலையத்தில் நிறுத்துமிடம் தேடும் தொல்லையும் இல்லை. ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒன்றரை டன் இரும்பை நகர்த்திக்கொண்டிருந்தோமே என்று இப்போதுதான் தோன்றுகிறது.

வண்டியின் பாஷையும் கொஞ்சம் பழகிவிட்டது. வடிகட்டியை எரித்துக்கொண்டிருக்கும்போது பல வண்டிகள் விளக்குப் போட்டுச் சொல்லாது. நாம்தான் கவனிக்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் சுழற்சி வழக்கமான 800-க்குப் பதில் ஆயிரத்தை ஒட்டி நிற்கும், சத்தம் சற்றுக் கனமாக மாறும், எண்ணெய்ச் செலவு காட்டும் எண் திடீரென்று ஏறும். நிறுத்திவிட்டு இறங்கினால், விசிறி விர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கும், சூட்டு வாடை வரும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வீட்டுக்குள் போகாமல் இன்னும் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்தால் பெரிய செலவு மிச்சம். டப்பா விளக்கு எரிந்துவிட்டாலும் பயப்பட வேண்டியதில்லை. அது முதல் எச்சரிக்கைதான். அன்றைக்கே நெடுஞ்சாலையில் ஏறினால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தால்தான் பட்டறைக்குப் போக வேண்டும். தாங்கியில் எண்ணெய் கால்வாசிக்குக் கீழே போனால், பல வண்டிகள் எரிக்கும் வேலையைத் தொடங்கவே தொடங்காது. விலை ஏறியதிலிருந்து முப்பது ரிங்கிட், நாற்பது ரிங்கிட் என்று போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். அதிலும் ஒரு கண்ணி இருந்திருக்கிறது. எண்ணெய் நிலையத்தில் விற்கும் குப்பி மருந்தை ஊற்றினால் போதாதா என்று அலுவலகத்தில் ஒரு தம்பி கேட்டார். கரி கொஞ்சம் குறைந்த சூட்டிலேயே எரிய அது உதவலாம். ஆனால் அந்தச் சூட்டை அது தராது. வண்டி ஓடித்தான் சூடேற வேண்டும்.

புதிதாக வாங்கப்போகிற இளையவர்கள் என்னிடம் கேட்டால் நான் ஒன்றுதான் கேட்பேன்: வருடத்தில் இரண்டு முறை எங்கே போகிறீர்கள் என்பதை விடுங்கள், செவ்வாய்க்கிழமை காலையில் எங்கே போகிறீர்கள்? ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் டீசலை நினைக்காதீர்கள். எங்களுக்கு இன்னும் மூன்று வருடக் கடன் இருக்கிறது. விற்றாலும் நட்டம். ஆகவே வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம்.

ஓட்டுகிறோம் என்றால், ஞாயிற்றுக்கிழமைதோறும். ஃபோர்மேன் சொன்னது வாரம் ஒரு முறை, எஞ்சின் சூடேறிய பிறகு குறைந்தது அரை மணி நேரம், ஒரே சீராக எண்பது தொண்ணூறில், சுழற்சி 2,000-க்கு மேல் இருக்கும்படி. கியரை ஒன்று குறைத்து ஓட்டினாலும் சரி. பறக்கத் தேவையில்லை. எங்கே போவது என்று யோசித்தபோது அப்பாதான் சொன்னார்: "லாபு பக்கம் போவோமா?"

லாபுவில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர் அவர். அம்மாவின் கருமாதிக்குப் பிறகு அந்தப் பக்கம் போனதில்லை. புக்கிட் ராஜா டோலில் நெடுஞ்சாலை ஏறி, ஷா ஆலாமில் எலிட் சாலைக்குப் பிரிந்து, நீலாய் வரை ஒரே சீராக ஓட்டலாம். அவர் முன்னிருக்கையில் உட்கார்ந்து, எந்த மேட்டில் எந்த வருடம் யாருடைய லாரி கவிழ்ந்தது என்று சொல்லிக்கொண்டே வருவார். முப்பத்தொரு வருடம் அவர் எங்கே போனார், எங்கே தூங்கினார், எதைச் சாப்பிட்டார் என்று எனக்கு ஒன்றும் தெரியாது என்பது இந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் தெரிந்தது. அவர் ரப்பர் மரமாகப் பார்த்த இடமெல்லாம் இப்போது செம்பனை. நாம் போடும் பி10 டீசலில் பத்து விழுக்காடு அந்தச் செம்பனை எண்ணெயிலிருந்து வருவது என்று சொன்னேன். "அப்ப அந்தத் தோட்டத்தைத்தான் எரிச்சுக்கிட்டு போறோம்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. சன்னலை ஏற்றிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை லாபுவில், நாங்கள் வழக்கமாகத் தே தாரே குடிக்கும் ஒட்டுக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். சாவியில் கை வைத்தேன்.

"அணைக்காத" என்றார்.

மீட்டரைப் பார்த்தேன். விளக்கு எதுவும் இல்லை. அவர் மீட்டரைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம்தான் சுழற்சி முள் ஆயிரத்தில் நிற்பது என் கண்ணில் பட்டது.

"இன்னும் எரியுது பாப்பா. தே அப்புறம் குடிக்கலாம். சிரம்பான் வரைக்கும் போயிட்டு வா."